‘சால்ட் கிளேஸ்’ என்று விற்ற ஜெர்மன் ஜக் பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்

பொருள்: விளம்பரத்துக்கு மாறான பொருள் – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

"1910-ஐ ஒட்டிய ஜெர்மன் வெஸ்டர்வால்ட் ஜக், கையால் வனைந்தது, சால்ட் கிளேஸ் ஸ்டோன்வேர், 1 லிட்டர்" என்று விளம்பரப்படுத்தி ரூ.14,500-க்கு அனுப்பியிருக்கிறீர்கள். (வெஸ்டர்வால்ட் என்பது ஸ்டோன்வேருக்குப் பேர்போன ஜெர்மன் பகுதி. ஸ்டோன்வேர் என்பது அதிகச் சூட்டில் சுட்டு இறுகிய மண்பாத்திரம்.) வந்து சேர்ந்த ஜக்குக்கு இதில் ‘ஜெர்மன்’, ‘1 லிட்டர்’ என்பவை மட்டும்தான் பொருந்துகின்றன.

முதலில் காலம். அடியில் ‘மேட் இன் வெஸ்ட் ஜெர்மனி’ என்ற முத்திரை இருக்கிறது. மேற்கு ஜெர்மனி என்ற நாடு இருந்ததே 1949 முதல் 1990 வரைதான். உங்கள் விளம்பரத்தில் அடிப்பாகத்தின் படம் மட்டும் இல்லை.

அடுத்தது கிளேஸ், அதாவது பாத்திரத்தின் மேலுள்ள கண்ணாடிப் பூச்சு. சால்ட் கிளேஸ் என்றால் அது உப்பால் உண்டாவது. சூளை 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உப்பை உள்ளே வீசுவார்கள். சோடியம் ஆவி களிமண்ணில் உள்ள சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிப் படலமாகும். அதனால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் பொரிப்பொரியாக இருக்கும். (நம் ஊரில் பழைய பாதாளச் சாக்கடைக்குப் பதித்த பழுப்பு எஸ்.டபிள்யூ., அதாவது ஸ்டோன்வேர், பைப்பும் இதே முறைதான். அதைத் தடவிப் பார்த்தாலே தெரியும்.) இந்த ஜக்கோ வழவழவென்று இருக்கிறது. உப்பாவி குறுகிய வாய்க்குள் சரியாகப் புகாது என்பதால் உட்புறம் மங்கியிருக்க வேண்டும். இங்கே உள்ளும் புறமும் ஒரே பளபளப்பு. அடிவிளிம்பில் கிளேஸ் நேர்கோடாகத் துடைத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. கிளேஸ் கலவையில் முக்கியெடுத்த பாத்திரத்தில்தான் இப்படி வரும்.

கோபால்ட் நீலப் பூவை லென்ஸில் பார்த்தால் அச்சுப்புள்ளிகள் வரிசையாகத் தெரிகின்றன. அது ஒட்டிச் சுட்ட ஸ்டிக்கர். தூரிகை நீலமாக இருந்தால் ஓரம் லேசாகக் கசிந்திருக்கும். கைப்பிடிக்குக் கீழே வார்ப்பு அச்சின் பாகங்கள் இணைந்த கோடு ஓடுகிறது. வெளியே பூ புடைத்த இடமெல்லாம் உள்ளே குழிந்திருக்கிறது. இரண்டும் அச்சில் வார்த்ததன் அடையாளம். அச்சில் வார்த்த ஜக்கிலும் அசல் சால்ட் கிளேஸ் உண்டு என்பதால் அந்த இணைப்புக் கோட்டை மட்டும் வைத்து கிளேஸ் பற்றி நான் வாதிடவில்லை. ஆனால் ‘கையால் வனைந்தது’ என்பது பொய்.

வீட்டில் புழங்குவதற்கும் இது ஆகாது. தண்ணீர் ஊற்றி வைத்தால் மேசையில் ஈர வளையம் விழுகிறது. உலர்ந்த எடை 1,180 கிராம். இரவு முழுக்க ஊறவைத்துத் துடைத்தபின் 1,262 கிராம். கிட்டத்தட்ட 7 சதவீதம் நீர் குடித்திருக்கிறது. நன்றாக வெந்த ஸ்டோன்வேர் 2, 3 சதவீதத்தைத் தாண்டாது.

"பழைய பொருளில் சிறு வேறுபாடுகள் இருக்கும்" என்ற உங்கள் வாடிக்கைப் பதில் இதற்குச் செல்லாது. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். ஜக்கை உங்கள் செலவில் எடுத்துச் செல்லுங்கள். அதே விளம்பரம் இன்னும் தளத்தில் இருக்கிறது, அதையும் நீக்குங்கள். அடிமுத்திரை, லென்ஸ், எடைப் படங்களை இணைத்துள்ளேன். தீர்வு வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்