பள்ளிக்கூடக் கூரைக்குத் தகடு கொண்டுபோக அனுமதி கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்:
தலைமையாசிரியை,
காணிக்காரர் குடியிருப்புப் பள்ளி,
பேச்சிப்பாறை அணைக்கு அக்கரை,
குலசேகரம் வழி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாகர்கோவில்.

பொருள்: பள்ளிக் கூரைக்கு 32 அலுமினியத் தகடுகளை மேலே கொண்டுபோக அனுமதி வேண்டுதல் – முன்பு கொடுத்த மூன்று மனுக்கள் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் மூன்று மனுக்களுக்கும் ரசீது இருக்கிறது, பதில் இல்லை. மூன்றையும் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று நேரில் கொடுத்தேன். தங்கள் அலுவலகத்தில் வாங்கி, எண் போட்டு, அன்றைக்கே உரிய இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில்தான் படுத்துக்கிடக்கிறது. அது எந்த இடம் என்று நான் எழுதவில்லை. ரசீது எண்ணைத் தட்டினால் தங்களுக்கே தெரிந்துவிடும்.

அக்கரை என்றால் எது, அங்கே எப்படி வருவது என்றெல்லாம் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேச்சிப்பாறை நீர்மட்டம் 48 அடியை நெருங்கும்போது தங்கள் மேசைக்கு எச்சரிக்கைத் தாள் வரும். எங்களுக்குத் தாள் வராது. வள்ளம் கட்டுகிற மரம் மாறும், அதை வைத்துத் தெரிந்துகொள்வோம். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1. எங்கள் பள்ளி ஊர்க்கூட்டம் நடத்துகிற சிறு பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை 19 பிள்ளைகள். நானும் இன்னொரு ஆசிரியையும். பாடநூல் எல்லாப் பள்ளியிலும் உள்ள அதே நூல்தான். ஆனால் ஒன்றாம் வகுப்பில் பழங்குடிகளான எங்கள் காணிப் பேச்சில் தொடங்கி, இரண்டாம் வகுப்பில் மெல்லப் புத்தகத் தமிழுக்குக் கூட்டிப்போகிறோம். முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே 29-ஆம் பிரிவில் சொல்கிறது. வெள்ளிக்கிழமை பிற்பகல் எங்கள் பூசாரியான பிலாத்தித் தாத்தா வந்து கொக்கரை என்ற எங்கள் இசைக்கருவியை உரசச் சொல்லிக்கொடுப்பார், சடங்கில் பாடுகிற சாற்றுப்பாட்டில் நாலு வரி பாடுவார். மற்ற நாட்களில் வாய்ப்பாடு, எழுத்து, கணக்கு. தேர்வில் எங்கள் பிள்ளைகள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

2. கூரையின் கதை. இந்தப் பள்ளி முதலில் மூங்கில் நாட்டிப் புல் வேய்ந்ததுதான். வீடு வேய்வது எங்கள் ஆட்களுக்கு இரண்டு நாள் வேலை. ஆனை வந்தால் ஏறித் தங்க மரத்தின் மேல் மாடம் கட்டியவர்களுக்குப் பள்ளிக்கூரை பெரிய காரியமா? 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போன பிறகு, பள்ளிக்கூடத்தில் ஓலை, புல் கூரை கூடாது என்று வந்தது. அது சரியான உத்தரவு, அதில் எங்களுக்கு மறுபேச்சு இல்லை. நாங்களே பிரித்தோம். மண்சுவரைச் செங்கல்லாக்கித் தகடு போட்டோம். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் பாதித் தகடு பறந்தது. ஒன்றை ரப்பர் மரத்தின் கிளையிலிருந்து எடுத்தோம், துணி காயப்போட்டது மாதிரி மடிந்து தொங்கியது. வளைந்ததைக் கல் வைத்து நிமிர்த்தித் திரும்பவும் போட்டு, ஓட்டை விழுந்த இடத்தில் தார்ப்பாய் கட்டினோம். அந்தத் தார்ப்பாயும் மாற்றித் தார்ப்பாய், இப்போது நான்காவது தார்ப்பாய். மனுவும் நான்காவது, பாயும் நான்காவது.

3. தகடு எங்கே இருக்கிறது? குலசேகரத்தில் ஒரு கடையின் பின்கட்டில். நல்லமிளகு விற்ற காசு, ரப்பர் பால் வெட்டின கூலி, இரண்டு வீட்டில் தேன் விற்ற காசு, எல்லாம் சேர்த்து வாங்கின 32 தகடு. அரசிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வாங்கி 14 மாதம் ஆகிறது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தோம், வழியில் நிறுத்தி, கட்டுமானப் பொருள் உள்ளே போகக் கூடாது, எழுத்தில் அனுமதி கொண்டு வாருங்கள் என்றார்கள். நிறுத்தியவர் நல்ல மனிதர், தண்ணீர்கூடக் கொடுத்தார். அவர் கையில் என்ன இருக்கிறது? திரும்பிக் கொண்டுபோய் இறக்கினோம். கடைக்காரர் இதுவரை வாடகை கேட்கவில்லை. போன மாதம்தான் முதன்முறையாக, "டீச்சரே, சரக்கு வருது, இடம் வேணும்" என்றார்.

4. சட்டம் பற்றி. 2006 வன உரிமைச் சட்டத்தில் 3(2) பிரிவில், வனநிலத்தில் அனுமதிக்கக்கூடிய 13 வசதிகளின் பட்டியலில் முதலாவதாக இருப்பதே பள்ளிக்கூடம். ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, கிராம சபை பரிந்துரையோடு, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல் என்று வரையறை. இதைச் சொன்னபோது, அது அரசு நடத்தும் வசதிகளுக்குத்தான், உங்களுக்குப் பொருந்தாது என்று ஓர் அலுவலர் படித்துக் காட்டினார். சரி, அப்படியே இருக்கட்டும். நாங்கள் கேட்பது நிலமே இல்லையே! ஒரு அடி புது இடம் வேண்டாம். ஒரு மரம் வேண்டாம். ஒரு செங்கல்கூட வேண்டாம். நிற்கிற சுவரின் மேல், இருந்த இடத்தில், இருந்த மாதிரித் தகடு. இதற்கு எந்தச் சட்டம் தடை என்று எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன், அதையும் கொடுக்கவில்லை. 2008-இல் இந்தக் காடு சரணாலயம் ஆனது. 1906-இல் அணை கட்டியபோது தண்ணீருக்கு வழிவிட்டு மேலே ஏறியவர்கள் நாங்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். காட்டைக் கெடுக்கிறவர்கள் என்று எங்களைப் பார்த்துச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

5. சான்றுகள். அங்கீகாரம் புதுப்பிக்கக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று நான்கும் வேண்டும். கூரை இப்படி இருந்தால் உறுதிச் சான்று தர முடியாது என்கிறார் பொறியாளர், நியாயம். கூரை போட அனுமதி கேட்டால், உங்கள் பள்ளிக்கு அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா, நகல் எங்கே என்கிறார்கள். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. இந்த இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் நூறு அடிகூட இருக்காது ஐயா. நான் அக்கரையிலிருந்து வள்ளம், நடை, இரண்டு பஸ் என்று வந்து, ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குப் போய்த் திரும்புகிறேன். அன்றைக்குப் பள்ளியில் 19 பிள்ளைகளுக்கும் ஒரே டீச்சர்.

6. மழை. எங்களுக்கு மழை வருடத்துக்கு இரண்டு தடவை. ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. நடுவில் சும்மா பெய்வது கணக்கில் இல்லை. மழை தொடங்கினால் தார்ப்பாய் வயிறு மாதிரித் தொங்கும். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் துடைப்பக்கட்டையால் அதைக் கீழிருந்து குத்தித் தண்ணீரை வெளியே தள்ளுவான். அது அவன் வேலை, முறை வைத்திருக்கிறோம். கரும்பலகை இருக்கும் சுவர் நனைந்தால் சுண்ணாம்புக்கட்டி வழுக்கும், எழுத்து பிடிக்காது. தகட்டில் மழை விழுகிற சத்தத்தில் நான் சொல்வது மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. ஒன்றாம் வகுப்பை மடியில் வைத்துக் காதில் சொல்ல வேண்டும். பிலாத்தித் தாத்தா ஒரு கையில் குடை, ஒரு கையில் கொக்கரை என்று உட்கார்ந்திருப்பார். கொக்கரை இரும்புக் குழாய், மேலே பல் பல்லாக வெட்டியிருக்கும். துரு ஏறிவிட்டது, கம்பி சறுக்குகிறது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை, துடைத்து எண்ணெய் போட்டால் சரியாகும்.

சரியாகாதது ஒன்று உண்டு. முன்னைய மனுக்களில் இதை எழுதவில்லை, அலுவலகத்துக்கு இது எதற்கு என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகள் நான்கு வருடமாக ஓர் இலைப் புத்தகம் செய்தார்கள். பழைய கணக்கு நோட்டைப் பிரித்துத் தைத்தது. காட்டிலிருந்து ஒவ்வொரு இலையாகக் கொண்டுவந்து, பாரம் வைத்துக் காயவைத்து ஒட்டி, கீழே எங்கள் பேச்சில் அதன் பெயர், அது எங்கே முளைக்கும், எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று எழுதுவார்கள். பெயர் சொன்னது ஒரு பாட்டி. எழுதப் படிக்கத் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து இலையைக் கசக்கி மோந்து பார்த்துச் சொல்வாள், பிள்ளைகள் எழுதுவார்கள். 140 இலை சேர்ந்தது. மலைக்கு அந்தப் பக்கம் அகத்தியர் மலையில் 1987-இல் எங்கள் இனத்தவர் விஞ்ஞானிகளுக்கு ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையைக் காட்டிக்கொடுத்தார்கள், அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. பிள்ளைகள் அதை அறிந்த பிறகு எங்கள் புத்தகத்துக்கு மவுசு கூடிவிட்டது. அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தோம், எலிக்குப் பயந்து.

போன ஐப்பசியில் பள்ளி மூன்று நாள் விடுமுறை. தார்ப்பாய் ஓரம் கிழிந்து, தண்ணீர் நேராக அந்த அலமாரி மேல். திறந்தபோது தாள்கள் ஒன்றாக ஒட்டி அப்பம் மாதிரி இருந்தது. வெயிலில் வைத்துப் பிரித்துப் பார்த்தோம். 30 பக்கம் போலப் பிழைத்தது. மற்றவற்றில் மை கரைந்து நீலக் கறை, இலை இருந்த இடத்தில் பூஞ்சை. பிள்ளைகள், "சரி டீச்சர், திரும்பவும் எழுதலாம், பாட்டிகிட்டக் கேக்கலாம்" என்றார்கள். பாட்டி அதற்கு முந்தின ஆவணியில் இறந்துபோனாள். பிள்ளைகள்தான் மறந்து சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகு யாரும் பேசவில்லை.

தகடு 14 மாதமாகக் குலசேகரத்தில் இருக்கிறது ஐயா. அந்த ஐப்பசிக்கு முன்பே அது வந்திருக்க வேண்டும். முதல் மனுவின் தேதியைப் பாருங்கள். யார் இதற்குப் பொறுப்பு? பல்லுயிர் பற்றிய மரபறிவு அந்தச் சமூகத்தின் உரிமை என்று அதே வன உரிமைச் சட்டத்தில் 3(1)(ட) என்றோ என்னவோ, ஆங்கில எழுத்தில் 'கே' என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. உரிமை இருக்கிறது, சரி. அதை நனையாமல் வைக்க ஓர் இடம் வேண்டாமா?

7. "19 பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியா, கீழே விடுதியில் சேர்த்துவிடுங்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். ஒன்று முதல் ஐந்து வரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி என்பது விதி. விதியை விடுங்கள். ஆறு வயதுப் பிள்ளையை எந்த அலுவலர் தன் வீட்டிலிருந்து விடுதிக்கு அனுப்புவார்? எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேரை அனுப்பிப் பார்த்தோம். ஒருத்தி பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவள் பேசினால் மற்றவர்கள் சிரித்தார்களாம். இப்போது எங்களிடம்தான் படிக்கிறாள், வாய் மூடுவதில்லை.

8. தகடு பற்றி மேலே 3-ஆம் பத்தியில் எழுதியதுதான்.

9. ஆகவே ஐயா, நாங்கள் கேட்பது: 32 தகடு, அதற்கு வேண்டிய மரையாணி, ஒரு ஜீப், ஒரே ஒரு நாள். எந்த நாள், எந்த வண்டி, யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறோம். தகட்டை ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளட்டும். பழைய தகட்டையும் தார்ப்பாயையும் காட்டில் போடாமல் திரும்பக் கீழே கொண்டுவருகிறோம். கூரை வேலைக்கு ஊர் ஆண்கள் இருக்கிறார்கள், ஊர்த்தலைவரான மூட்டுக்காணி பொறுப்பேற்கிறார். அனுமதி கொடுங்கள். முடியாது என்றால் அதையாவது காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள், அதை வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போவோம். இப்படி ஒன்றுமே சொல்லாமல் விடாதீர்கள். ஆனி பிறக்க இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. தயவுசெய்து அதற்குள். தயவுசெய்து.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியை.

ஊர்க்கூட்டத்தின் சார்பில் மூட்டுக்காணி கையொப்பமும், பெற்றோர் 24 பேரின் கையொப்பமும் கைநாட்டும் தனித்தாளில். மூன்று மனு ரசீதுகளின் நகலும், தகடு வாங்கிய பில்லும் இணைத்திருக்கிறேன். இலைப் புத்தகத்தில் பிழைத்த பக்கங்களின் நகல் வைக்கவில்லை. கீழே ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுபோனால் இதுவும் கிழிந்துவிடும் என்று பயம். பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும்.

பின்குறிப்பு: தாங்களோ தாங்கள் அனுப்பும் அலுவலரோ வருவதானால் காலை ஒன்பதுக்கு முன் கரைக்கு வந்துவிட்டால் நல்லது, பால் கொண்டுபோகிற வள்ளம் திரும்பி வரும், அதில் ஏறிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை என்றால் பிலாத்தித் தாத்தாவும் இருப்பார். குடை கொண்டு வரவும், உள்ளே உட்காருவதற்கு.