பத்தாம் வகுப்பு இங்கிலீஷ்ல பேசுறதுக்கும் மார்க் வைங்க: கல்வித்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பள்ளிக்கல்வித்துறையிலயும் தேர்வுத்துறையிலயும் முடிவெடுக்குற இடத்துல இருக்குற அய்யாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

நான் ஒரு அரசு உயர்நிலைப்பள்ளியில இங்கிலீஷ் எடுக்குற பி.டி. டீச்சர், அதாவது பட்டதாரி ஆசிரியை. போன வாரம் விசிட் வந்த ஒரு அதிகாரி நேரா பத்தாம் வகுப்புக்குள்ள வந்து, முதல் பெஞ்சு பையன எழுப்பி காலைல என்ன சாப்ட்டனு இங்கிலீஷ்ல கேட்டாரு. பையன் எந்திரிச்சான், என்னைப் பாத்தான், பக்கத்துல இருக்குறவனப் பாத்தான், அவ்ளோதான். அடுத்து ஒரு பொண்ணு, அப்புறம் இன்னொருத்தன், யாரும் வாயத் தொறக்கல. இதுக்குத்தான் சம்பளம் வாங்குறீங்களான்னு பிள்ளைங்க முன்னாடியே கேட்டுட்டுப் போயிட்டாரு. இதே அதிகாரி அரையாண்டு முடிஞ்சு நடந்த ரிவ்யூ மீட்டிங்ல என்ன கேட்டாருன்னா, இங்கிலீஷ்ல எத்தன பேர் ஃபெயில், ஏன் ஃபெயில், பாஸாகுற அளவுக்கு மட்டும் சுருக்கி வச்ச மினிமம் மெட்டீரியல் குடுத்தீங்களா இல்லையா. எத்தன பேர் பேசுறாங்கன்னு அன்னைக்கு அவரு கேக்கல.

எப்படிக் கேப்பாரு, அதுக்குத்தான் மார்க்கே கெடையாதே. பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் 100 மார்க்கும் எழுத்துத்தேர்வு. 2019-20ல ரெண்டு பேப்பர ஒண்ணாக்குனீங்க, பிள்ளைங்களுக்கு பாரம் கொறஞ்சுச்சு, வரவேத்தோம். அப்பவாவது பேசுறதுக்குன்னு ஒரு 20 மார்க் தனியா எடுத்து வச்சிருக்கலாம். இப்பவும் அதத்தான் கேக்குறேன், 80 எழுத்து, 20 கேக்குறதும் பேசுறதும்.

பேப்பர்ல எப்படி பாஸாகுறாங்கன்னு உங்களுக்கே தெரியும். மெமரி போயம் 5 மார்க், நூறு தடவ எழுத வச்சா வந்துரும். ரோடு மேப்புக்கு ரெண்டு மார்க், கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் லெஃப்ட். படத்தப் பாத்து அஞ்சு வரி எழுதுற கேள்விக்கு 5 மார்க், அதுக்கு எந்தப் படம் வந்தாலும் ஒட்டுற மாதிரி அஞ்சு வரி ரெடியா இருக்கு, இந்தப் படம் ரொம்ப அழகா இருக்கு, கலர்ஃபுல்லா இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு. ஒரு தடவ ரிவிஷன் டெஸ்ட்ல ரோடு ஆக்சிடென்ட் படம் குடுத்துட்டாங்க. பைக் ஒரு பக்கம் கெடக்கு, ஆள் ஒரு பக்கம் கெடக்கான். பாதி கிளாஸ் இந்தப் படம் ரொம்ப அழகா இருக்குன்னு எழுதி வச்சிருந்துச்சு. நான் சிரிக்கிறதா அழுறதா, கிராமர் சரியா இருந்ததால மார்க் போட்டேன்.

ஆனா இதோட வலி பத்தாவதுல தெரியாது, ரெண்டு மூணு வருஷம் கழிச்சுத் தெரியும். என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு, அம்மா நூறு நாள் வேலைக்குப் போறவங்க, இங்கிலீஷ்ல 90க்கு மேல வாங்குனவ, அரசுப்பள்ளி பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுல இன்ஜினியரிங் சேந்தா. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டுது, ஊரே பெருமையா பேசுச்சு. முதல் செமஸ்டர் பாதில ராத்திரி போன் பண்ணி, மிஸ் நான் டிஸ்கன்டினியூ பண்ணிடவான்னு கேக்குறா. லேப்ல வைவா கேக்குறாங்களாம், பதில் இவளுக்குத் தெரியுதாம், எழுதச் சொன்னா ஒரு பக்கம் எழுதிருவாளாம், ஆனா எந்திரிச்சு நின்னா முதல் வார்த்த வரமாட்டேங்குதாம், அந்தப் பக்கம் கேள்வி கேட்டவரு முட்டை மார்க் போட்டுட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டுடுறாராம். கேன்டீன்ல கூட இங்கிலீஷ் பேசுற குரூப் இருந்தா சாப்பிடாம ரூமுக்குப் போயிடுறாளாம். 90க்கு மேல வாங்குன பொண்ணுங்க இவ! அந்த மார்க்குக்கு என்ன அர்த்தம்னு அவகிட்ட நான் என்ன சொல்றது, நீங்களே சொல்லுங்க.

சயின்ஸுக்கு 75 தியரி, 25 பிராக்டிகல்னு வச்சிருக்கீங்கல்ல, அதே மாதிரி இதுக்கும் வைங்க. பக்கத்து ஸ்கூல் டீச்சர் வந்து மார்க் போடட்டும், நாங்க அங்க போறோம். சிபிஎஸ்இல கேட்டல் பேசுதல் இன்டர்னல் மார்க்குல வருது, நம்ம பிள்ளைங்களுக்கு மட்டும் ஏன் இல்ல? எல்லாருக்கும் 20க்கு 20 போட்டுருவீங்கன்னு சொல்வீங்க, தெரியும். சயின்ஸ் பிராக்டிகல்ல என்ன நடக்குதுன்னும் எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த 25க்காகவாவது பிள்ளைங்க லேபுக்குள்ள போயி லென்ஸக் கையில எடுக்குதுங்க. மார்க் இருந்தாத்தான் ஹெச்எம் பீரியட் ஒதுக்குவாரு. இப்ப 45 பேர் இருக்குற கிளாஸ்ல 40 நிமிஷ பீரியட், நான் வாயே தொறக்காம இருந்தாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷம் கூட வராது, இதுல மெட்டீரியல் வேற முடிக்கணும்.

எங்களுக்குப் பயிற்சி இல்லன்னு சொல்லிடாதீங்க. பெங்களூருல இருக்குற தென்னிந்திய ஆங்கில நிறுவனத்துக்கு 30 நாள் ட்ரெய்னிங்குக்கு அனுப்புறீங்க, போறோம், ரோல்பிளே, பேர் வொர்க்னு அருமையா சொல்லிக் குடுக்குறாங்க, திரும்பி வந்தா கையில மெல்லக் கற்போர் கையேடு, பாஸாக வைக்குற அதே மெட்டீரியல்தான். ஹைடெக் லேப் இருக்கு, ஹெட்போன் இருக்கு, அதுல ஆன்லைன் குவிஸ் முடிஞ்சா எமிஸ் என்ட்ரி, அதாவது பிள்ளைங்க விவரத்த எல்லாம் துறையோட வெப்சைட்ல ஏத்துறது, எமிஸ் முடிஞ்சா அடுத்த ட்ரெய்னிங் வீடியோ. பிள்ளைக்கு செருப்பு சைஸ் ஏத்துற வேலைக்குத்தான் நான் எம்.ஏ. லிட்ரேச்சர் படிச்சேன் போல. 2012-13ல இங்கிலீஷ் மீடியம் பிரிவுகள ஆரம்பிச்சீங்க, அதுவரைக்கும் தமிழ்ல பாடம் நடத்துன அதே டீச்சர்கள நாளையில இருந்து இங்கிலீஷ்ல நடத்துங்கன்னு சொன்னா ஆச்சா? நடுநிலைப்பள்ளி கத இன்னும் மோசம், கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்டிஇ) ஆறுல இருந்து எட்டு வரைக்கும் மொழிப்பாடத்துக்குன்னு ஒரு ஆள் இருந்தா போதும், அந்த ஒருத்தர் தமிழ் டீச்சரா இருந்துட்டா இங்கிலீஷ யார் எடுப்பாங்க? அந்த வருஷம் யாருக்கு பீரியட் கம்மியோ அவங்கதான். அந்தப் பிள்ளைங்கதான் ஒன்பதாவதுல என்கிட்ட வருது.

சரி, எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். இதெல்லாம் ஒரே நாள்ல மாத்தச் சொல்லல. என்னோட கோரிக்கை ஒண்ணுதான், பத்தாம் வகுப்பு இங்கிலீஷ்ல 20 மார்க்க பேசுறதுக்கும் கேக்குறதுக்கும் ஒதுக்குங்க. வர்ற வருஷமே பொதுத்தேர்வுல வைக்க முடியாதுன்னா ஒன்பதாவதுல இருந்து ஆரம்பிங்க, அந்த செட் பத்தாவது வரும்போது பழகியிருக்கும். ஜூன்ல ஸ்கூல் தொறக்குறதுக்கு முன்னாடி சர்க்குலரும் மாதிரிக் கேள்விகளும் அனுப்பிட்டீங்கன்னா காலாண்டுக்குள்ள நாங்க தயாராயிடுவோம். தயவுசெஞ்சு பரிசீலிங்க.

இப்படிக்கு,
அரசு உயர்நிலைப்பள்ளி ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியை ஒருத்தி