சத்திரத்துப் பிள்ளைகளின் நடைப்பயிற்சிக்கு இன்னும் 1,33,000 ரூபாய் வேண்டும்

ஊர்ப் பெரியவர்களுக்கும் வெளியூரில் இருக்கும் சொந்தங்களுக்கும் வணக்கம்.

நம் தெற்குத் தெரு சத்திரம் பிடி அரிசியில் எழுந்த கட்டடம். நம் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்தார்கள். அதை விற்ற காசில்தான் சுவர் எழும்பியது. செங்கல் சுமந்தவர்கள் கூலி வாங்கவில்லை. பசி என்று வந்த யாரையும் இந்த வாசல் திருப்பி அனுப்பியதில்லை. அதே கூடத்தில்தான் பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் உடல் அசைவு தடைப்படும் செரிப்ரல் பால்ஸி) உள்ள 11 பிள்ளைகள் இப்போது நடைப்பயிற்சி எடுக்கிறார்கள்.

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு மேலும் அதிகமாகாது. ஆனால் பிள்ளை வளர வளர எலும்பு நீளும். இறுகிய தசை அதற்கு ஈடுகொடுக்காது. கெண்டைக்கால் இழுத்து, குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடப்பார்கள். அதைக் கட்டுப்படுத்தத்தான் ஏ.எஃப்.ஓ. என்கிற பிளாஸ்டிக் கால்தாங்கி. கால் வளர்ந்தால் அது பத்தாது, மாற்றியாக வேண்டும். உட்கார்வது, நடப்பது போன்ற உடல் இயக்கத்தில் இப்படிப்பட்ட ஒரு பிள்ளை எட்டக்கூடியதில் பெரும்பகுதியை ஐந்து வயதையொட்டியே எட்டிவிடும். நம் பிள்ளைகளில் 6 பேருக்கு இன்னும் ஐந்து முடியவில்லை. எல்லாரும் தனியாக நடந்துவிடுவார்கள் என்று வாக்குக் கொடுக்க மாட்டோம். வாக்கரைப் பிடித்துக் கழிப்பறை வரை தானாகப் போனாலே பெற்றவளுக்குப் பெரிய ஆறுதல்.

உடம்பைத் தாங்கும் பெல்ட்டோடு கூடிய டிரெட்மில் 2,40,000. இருபுறமும் பிடித்து நடக்க இணைக் கம்பிகள் 28,000. 11 பேருக்குக் கால்தாங்கி 71,500. சாய்தளமும் கைப்பிடியும் 55,500. மொத்தம் 3,95,000 ரூபாய். கையில் இருப்பது 2,62,000. கார்த்திகை 1-க்குப் பிறகு டிரெட்மில் விலை ஏறும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

இதுவரை கொடுத்தவர்களை மறக்க முடியாது. ஒருநாள் வசூலை அப்படியே தந்த ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள், மகள் கல்யாணச் செலவைக் குறைத்து 25,000 கொடுத்த ஆசிரியர், சிங்கப்பூரிலிருந்து மாதாமாதம் அனுப்பும் பிள்ளைகள், உண்டியலைக் கொண்டுவந்து கவிழ்த்த ஜமாத்தார், முந்தானையில் முடிந்திருந்த 200 ரூபாயை அவிழ்த்துத் தந்த இட்லிக்கடை ஆச்சி. அந்த அம்மன் உங்கள் குலத்தைக் காப்பாள்.

சென்ற அம்மன் கொடை விழாவில் வாணவேடிக்கைக்கு ஒரே ராத்திரியில் ஒன்றரை லட்சம் செலவழித்தோம். தப்பில்லை. ஆனால் அதே அம்மன் வாசலில் தாயின் இடுப்பில் உட்கார்ந்து தேர் பார்த்த பிள்ளையையும் நாம் பார்த்தோமே! வாக்குச் சொல்லிவிட்டு இன்னும் தராத வீடுகள் 17. பெயர் எழுத மனமில்லை, அவர்களுக்கே தெரியும்.

தினமும் மாலை 4 முதல் 6 வரை சத்திரத்தில் ரசீதுப் புத்தகத்தோடு ஆள் இருக்கும். பயிற்சியும் அப்போதுதான் நடக்கிறது. வந்து பார்த்துவிட்டே கொடுங்கள்.