இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரத்தைப் பயிற்சிக்குக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணியிடங்களில் செயற்கை நுண்ணறிவின் வரவு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியாகும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எத்தனை பேருக்கு வேலை போகும் என்ற கவலையே அவற்றில் மேலோங்கி இருக்கிறது. நியாயமான கவலைதான். ஆனால் வேலை போகாமல் இருக்கையில் அமர்ந்திருக்கும் இளைஞர்கள், அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பையே இழந்து வருவதைப் பற்றி யாரும் பேசக் காணோம். 1984-இல் வங்கி எழுத்தராகச் சேர்ந்து, மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி வட்டாரக் கிளைகளில் பணியாற்றி, 2021-இல் அலுவலராக ஓய்வுபெற்றவன் என்ற முறையில், கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

கடந்த மாசி மாதம், எனக்கு நெடுநாள் பழக்கமான மல்லிகை விவசாயி ஒருவர், தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய்களை மாற்றுவதற்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போகையில் என்னையும் துணைக்கு அழைத்தார். எந்த வங்கி, எந்தக் கிளை என்பது இங்கே தேவையில்லை. பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் அவருடைய மஞ்சள் பையில் ஒழுங்காக இருந்தன. ஆனால் அவருடைய கணக்கை ஆராய்ந்த மென்பொருள், மார்கழி, தை மாதங்களில் பணவரவு ஏறக்குறைய நின்றுவிட்டதால், திருப்பிச் செலுத்தும் திறன் குறைவு என்று குறித்திருந்தது. எதிரே இருந்த இளம் அலுவலர் திரையை விட்டுக் கண்ணெடுக்காமலே, "சிஸ்டம் ஏத்துக்கலைங்க ஐயா" என்றார். "ஏன் தம்பி ஏத்துக்கல?" என்று கேட்டேன். திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு சிவப்புக் கட்டமும் ஓர் எண்ணும் இருந்தன. அதற்கு மேல் சொல்வதற்கு அவரிடம் எதுவும் இல்லை.

கார்த்திகையில் மல்லிகைச் செடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வார்கள் என்பதும், பனிக் காலத்தில் பூ வரத்து சுருங்கிவிடும் என்பதும், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை கிலோவுக்கு ஆயிரங்களில் போகும் அந்த நாட்களில் விவசாயியின் கூடையில் எடை போடப் பூவே இருக்காது என்பதும் மதுரையில் தெருவோரம் பூக்கட்டும் அம்மாவுக்குக்கூடத் தெரியும். பங்குனியில் வெயில் ஏறிய பிறகுதான் மொட்டு பிடிக்கும், கணக்கில் பணமும் ஏறும். "எந்த மாசத்துலய்யா பூ நல்லா வரும்?" என்ற ஒரு கேள்வி அந்த மேசையில் எழுந்திருந்தால் போதும். நான் விவரத்தைச் சொன்னதும், அந்தத் தம்பி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு விவசாயியிடம் அரை மணி நேரம் பேசினார். முந்தைய இரண்டு ஆண்டு வரவுகளை எடுத்துப் பார்த்தார், கமிஷன் கடைச் சீட்டுகளைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்தார், தம் கருத்தைக் குறிப்பாக எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினார். மாதத் தவணைக்குப் பதிலாகப் பூக்காலத்தை ஒட்டித் தவணை வைத்துக் கடனும் கிடைத்தது. விடைபெறும்போது வாசல் வரை வந்து, "இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரலை சார்" என்றார். அந்தச் சொல்தான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. பிள்ளையிடம் திறமைக்குக் குறைவில்லை, அக்கறைக்கும் குறைவில்லை. மனிதரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதும் தன் வேலையில் சேர்த்தி என்பதை அவருக்குக் காட்டிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

எங்களுக்கு ஆள் இருந்தார்கள். நான் சேர்ந்த புதிதில் பேரேட்டில் பதிவதும், வட்டி கணக்கிடுவதும், விண்ணப்பங்களைச் சரிபார்த்துச் சுருக்கம் எழுதுவதும்தான் வேலை. அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் அந்தச் சுருக்கத்தை மேலாளர் சிவப்பு மையில் திருத்தித் திருப்பித் தருகையில், எந்த வரியில் ஏன் கோடிட்டார் என்று யோசித்து யோசித்தே கடன் கொடுக்கக் கற்றேன். கிராமங்களுக்கு ஆய்வுக்குப் போகும்போது மூத்த அலுவலர்கள் எங்களையும் கூட்டிப் போவார்கள். கிணற்றை எட்டிப் பார்ப்பது எப்படி, அடைக்க முடியாமல் போனவரிடம் அவர் மனம் கோணாமல் காரணம் கேட்பது எப்படி என்று பக்கத்தில் நின்று பார்த்தோம். பின்னர் கணிப்பொறி வந்தபோது நாங்களும் அஞ்சினோம். இயந்திரமயமாக்கம் குறித்து வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் 1983-இல் உடன்பாடு ஏற்பட்டும் அச்சம் பல ஆண்டுகள் நீடித்தது. ஆனால் அந்தக் கணிப்பொறி எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டது கூட்டலையும் வட்டிக் கணக்கையும்தான். இன்று வந்திருப்பது விண்ணப்பத்தைப் படித்துக் கருத்தும் சொல்லிவிடுகிறது, கடிதமும் எழுதித் தந்துவிடுகிறது. புதிதாகச் சேர்பவர் தவறு செய்து, திருத்தப்பட்டு, தேறி வந்த படிக்கட்டே அதுதான். படியை எடுத்துவிட்டுப் பத்து ஆண்டு கழித்து அனுபவசாலிகளைத் தேடினால் எங்கிருந்து வருவார்கள்?

ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2025 ஆகஸ்டில் அளித்த அறிக்கை, நிதித் துறையில் செயற்கை நுண்ணறிவைக் கையாள்வதற்கு 7 கோட்பாடுகளையும் 26 பரிந்துரைகளையும் முன்வைத்தது. மக்களே முதன்மை என்பது அவற்றுள் ஒன்று. இயந்திரம் மனிதரின் முடிவுக்குத் துணை நிற்க வேண்டுமே தவிர, மனிதரின் தீர்ப்பை மீறக் கூடாது என்பது அதன் கருத்து. மிக நல்ல கோட்பாடு. ஆனால் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்வதற்கு மட்டுமே பழக்கப்பட்டவர் எதைக்கொண்டு தீர்ப்புச் சொல்வார்?

இதற்கு வழி தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் மதுரையில்தான் இருக்கிறது. நீரிழிவால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பைப் படத்திலிருந்து கண்டறியும் கூகுளின் மென்பொருள் ஆய்வில் அம்மருத்துவமனை பங்கேற்றது. ஆய்வின் முடிவுகள் 2016-இல் வெளியாயின. 2019-இல் அந்த மென்பொருள் இங்கேயே நடைமுறைக்கும் வந்தது. அதே மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்துக் கண் பரிசோதனைப் பணியாளர்களாக ஆக்கும் வழக்கத்தையும் பல காலமாகக் கொண்டிருக்கிறது. படத்தை மென்பொருள் படிக்கலாம். ஆனால் பயந்து கண்ணை இறுக மூடிக்கொள்ளும் பாட்டியிடம், "ஒரு நிமிஷம் இங்க பாருங்கம்மா" என்று தாடையைப் பிடித்து நிமிர்த்தி, படம் எடுக்க வைத்து, அடுத்த முறை தவறாமல் வரும்படி சொல்லி அனுப்புவதற்குப் பழகிய ஒருவர் வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு இரண்டு ஆண்டு கொடுக்கத் தயாராக இருக்கும் நிறுவனம் எத்தனை உண்டு? பெரும்பாலான அலுவலகங்களில் ஓட்டல் அறையில் ஒரு நாள் வகுப்பும், மதியச் சாப்பாடும், சான்றிதழுமாக மனிதத் திறன் பயிற்சி முடிந்துவிடுகிறது.

என் வேண்டுகோள் இதுதான். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் ஓராண்டுக்காவது, மென்பொருளின் முடிவைத் திறந்து பார்க்கும் முன்பே, வந்தவரிடம் பேசித் தம் கருத்தை நாலு வரி எழுதி வைக்க வேண்டும். அதன் பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, எங்கே மாறுபடுகிறது, ஏன் மாறுபடுகிறது என்று மூத்தவர் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். சில நேரம் இயந்திரம் சரியாக இருக்கும், இளைஞர் தவறியிருப்பார். அதுவும் பாடமே. அடுத்து, யாருக்கேனும் இல்லை என்று சொல்ல நேர்ந்தால், காரணத்தை அவருக்குப் புரியும் தமிழில் ஓர் அலுவலர் நேரில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வேண்டும் என்றாலே காரணத்தை முதலில் தாம் புரிந்துகொள்ளும் கட்டாயம் வந்துவிடும். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு உள்ளிட்ட தொழில்நுட்பப் பயிற்சிகள் தரப்படுவதை மனமாரப் பாராட்டுகிறேன். அதோடு சேர்த்து, ஒரு வட்டாட்சியர் அலுவலகத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ சில வாரம் அமர்ந்து, வருபவர்களின் குறையைக் கேட்டு எழுதும் பழக்கத்தையும் மாணவர்களுக்குத் தர வேண்டுகிறேன்.

இவற்றுக்கு நேரம் எங்கே என்று நிர்வாகங்கள் கேட்கும். மென்பொருள் மிச்சப்படுத்தும் நேரம் இருக்கிறதே! முன்பு ஒரு மணி நேரம் பிடித்த வேலை இப்போது பத்து நிமிடத்தில் முடிகிறது என்றால், மீதமுள்ள நேரத்தைக் காப்பீடு விற்கும் இலக்கைக் கூட்டுவதற்கே எடுத்துக்கொள்வது மிகவும் வருத்தத்திற்குரியது. அதில் பாதியையாவது கற்பதற்கு விடுங்கள்.

சொல்லித் தர ஆள் இல்லை என்ற காரணத்தையும் ஏற்பதற்கில்லை. வங்கி, அஞ்சலகம், வருவாய்த் துறை என்று முப்பது, நாற்பது ஆண்டு மக்களோடு பழகி ஓய்வுபெற்றவர்கள் இந்நகரில் ஏராளமாக இருக்கிறோம். வாரம் ஒரு நாள் இளைஞர்களின் பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்று எந்த அலுவலகம் அழைத்தாலும் வருவதற்குக் காத்திருக்கிறோம். ஊதியம் கேட்க மாட்டோம், ஒரு நாற்காலி போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
திருநகர், மதுரை.