பனிவண்டி மணியை அடித்துச் செய்வது பற்றி மகளுக்கு

பெரம்பூர், சென்னை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். மாப்பிள்ளையும் நீயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒட்டாவாவில் மாலை நேரத்தில் நீ போய்வரும் கொல்லுப்பட்டறை வகுப்பில், பனிவண்டிக் குதிரையின் தோல்பட்டையில் கோக்கும் மணிகளைக் கையாலேயே அடித்துச் செய்யத் தீர்மானித்திருப்பதாகப் போனில் சொன்னாய். அதைப் பற்றி நான் சொல்ல வந்ததைப் போனில் சொல்லி முடிக்க இயலவில்லை. இது நின்று நிதானமாகப் படித்து, பட்டறையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய விஷயம் என்பதால் கடிதமாகவே எழுதிவிட்டேன். ரயில்வேயின் கேரேஜ் ஒர்க்ஸில், ஸ்மித்தி ஷாப் என்ற கொல்லுப்பட்டறைப் பிரிவில் நான் அடித்தவையெல்லாம் கனத்த வேலைகள். மணி அடித்துச் செய்தவன் இல்லை. ஆனாலும் சூடேறிய இரும்பு எப்படி நடந்துகொள்ளும் என்பது எனக்குத் தெரியும். நீ கேட்டதிலிருந்து வியாசர்பாடியில் தெரிந்தவர் பட்டறையில் உட்கார்ந்து சிலவற்றைச் செய்தும் பார்த்தேன்.

பனிவண்டி மணி நம் ஊர்ச் சலங்கைக்கு உறவு. கோயில் மணியைப் போல வாய் விரிந்து நடுவில் நாக்குத் தொங்கும் வகை இல்லை. மூடிய உருண்டைக்குள் பரல் என்னும் சிறு குண்டு தனியாக உருள, அடியில் விட்ட பிளவின் வழியே ஓசை வெளிவரும் வகை. அதை அழகுக்காக மட்டும் கட்டவில்லை. சக்கர வண்டி வருவதைச் சக்கரமே சொல்லிவிடும். பனியின் மேல் சறுக்கி வரும் வண்டிக்கு அந்தச் சத்தம் கிடையாது, குளம்போசையையும் பனி விழுங்கிவிடும் என்பதால், திருப்பத்தில் எதிரே வருபவனுக்கு மணி ஒன்றுதான் எச்சரிக்கை. உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலேயே, விலங்கு இழுக்கும் பனிவண்டியில் குறைந்தது இரண்டு மணிகள் இருக்க வேண்டும், அவற்றின் ஓசை போதிய எச்சரிக்கையாகக் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகவே பார்க்க லட்சணமாக இருப்பதைவிட எட்டக் கேட்பதுதான் உன் வேலைக்கு முதல் சோதனை.

நீ அனுப்பிய படத்தில் இருக்கும் பழைய மணிகள் வார்ப்பு மணிகள். அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் ஈஸ்ட் ஹாம்ப்டன் என்ற ஊரில் 1808இல் வில்லியம் பார்ட்டன் என்பவர் மணி வார்க்கத் தொடங்கினார். அவர் வழியில் வேறு பலரும் பட்டறை வைக்க, அது மணிகளுக்கே பேர்போன ஊராயிற்று. உருண்டையான மண் கருவுக்குள் இரும்புப் பரலை முதலிலேயே புதைத்துவிட்டு, கருவைச் சுற்றி உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறிய பின் பிளவின் வழியே மண்ணை உதிர்த்துவிட்டால் பரல் மட்டும் உள்ளே தங்கிவிடும். இதைக் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன். ஆனால் இது வார்ப்புக்காரனின் வழி. நீ கையில் எடுத்திருப்பது சுத்தியல். இரும்புத் தகட்டில் அடித்த மணிக்கு வெண்கலத்தின் நீண்ட கார்வை வராது. குரல் சற்று வறண்டும் குறுகியும் இருக்கும். அதற்காக வருந்தவும் வேண்டாம், வெண்கலத்தைப் போலப் பேச வைக்கிறேன் என்று மெனக்கெடவும் வேண்டாம். மாட்டின் கழுத்தில் கட்டுவதற்கு இரும்புத் தகட்டு மணியை இன்றைக்கும் விரும்பி வாங்குகிறார்கள் என்றால், அந்த வறண்ட குரலுக்கும் ஒரு வேலை இருக்கிறது என்றுதான் பொருள்.

குரல் எதனால் அமைகிறது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள். பிளவின் இரு பக்கமும் இருக்கும் உதடுகள்தாம் அதிகம் அதிர்கின்றன. பிளவு நீளமானால் உதடுகள் தளர்ந்து சுருதி இறங்கும். தகடு தடித்தால் சுருதி ஏறும். உருண்டை பெரிதானால் இறங்கும். விட்டம், தடிமன், பிளவு ஆகிய எல்லா அளவுகளையும் ஒருசேர இரு மடங்காக்கினால் அதிர்வெண் சரிபாதியாகும், அதாவது ஒரு ஸ்தாயி இறங்கும். ஒரே தகட்டில் சிறிதும் பெரிதுமாகச் செய்தால் வித்தியாசம் அதைவிடக் கூடுதலாகவே தெரியும். இதனால் எல்லா மணிகளுக்கும் ஒரே தகட்டை எடுத்துக்கொண்டு, அளவை மட்டும் மாற்றிக்கொண்டே போவது உனக்கு எளிது.

தகடு 18 கேஜ் போதும், ஏறக்குறைய 1.2 மி.மீ. தடிமன். வெறும் மைல்ட் ஸ்டீல் தகடாகப் பார்த்து வாங்கு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு மலிவாகக் கிடைத்தாலும் உலைப் பக்கம் கொண்டுபோகாதே. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து வெண்புகையாக எழும், அதைச் சுவாசித்தவனுக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும்.

5 செ.மீ. விட்டமுள்ள மணிக்கு அரை உருண்டைகள் இரண்டு வேண்டும். அரைக்கோளத்தின் பரப்பும் வெட்டும் வட்டத்தின் பரப்பும் சமம் என்று வைத்துக் கணக்கிட்டால், வட்டத்தின் விட்டம் 7 செ.மீ. சொச்சம் வரும். ஆனால் குழிக்குள் வைத்து அடிக்கும்போது தகடு நடுவில் இழுபட்டு மெலியும் என்பதால் அவ்வளவு தேவைப்படாது, 6.5 செ.மீ. வட்டத்தில் தொடங்கிப் பார். மரக்கட்டையின் முகத்தில் உளியால் ஒரு குழி தோண்டிக்கொண்டாலே போதும், வார்ப்பிரும்புக் குழிக்கட்டை வேண்டும் என்று காத்திருக்காதே. மெல்லிய தகட்டைப் பழுக்கக் காய்ச்சி எடுத்துவருவதற்குள் அது ஆறிவிடும். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் செதிலாக உரிந்து இன்னும் மெலியும். அதனால் குளிர்ந்த நிலையிலேயே அடி. இரண்டு மூன்று சுற்று அடித்ததும் இரும்பு விறைத்து, சுத்தியல் துள்ளத் தொடங்கும். அப்போது ஒருமுறை செவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போடாமல் சாம்பலில் புதைத்து ஆறவிட்டால் மறுபடி இளகிக் கொடுக்கும். அடியை விளிம்பிலிருந்து தொடங்கி வட்டமாக நடுவை நோக்கிக் கொண்டுவா. நடுவிலேயே ஓங்கி அடிக்கப் பலருக்கும் கை பரபரக்கும். அங்கேதான் தகடு முதலில் கிழியும். விளிம்பில் சுருக்கம் விழத் தொடங்கினால் உடனே அதைத் தட்டிச் சமப்படுத்திவிடு. மடிந்துவிட்ட சுருக்கத்தைப் பிறகு எந்தச் சுத்தியலாலும் எடுக்க முடியாது.

இனி மூட்டு. மொத்த வேலையில் நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். உன் பயிற்சியாளர் இரு பாதிகளையும் எலெக்ட்ரிக் வெல்டிங்கில் ஒட்டலாம் என்று சொன்னதாகச் சொன்னாய். பலத்துக்குக் குறைவில்லை, மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு மெல்லிய தகட்டில் வெல்டிங் சற்று நின்றால் ஓட்டை விழும், நகர்ந்தால் உள்ளே பற்றாமல் மேலே மட்டும் கட்டி கட்டியாக நிற்கும். பிறகு அந்தக் கட்டிகளை கிரைண்டரில் தேய்க்கும்போது பற்றிய கொஞ்சமும் போய்விடும். மூட்டில் மயிரிழை இடைவெளி நின்றாலும் இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடும். விரிசல் விட்ட பானையைத் தட்டினாற்போல மணி மொத்தென்று பேசும். பித்தளை வைத்துப் பற்றவைப்பதுதான் என் கட்சி. உருகிய பித்தளை நெருக்கமான இடைவெளிக்குள் தானாகவே ஊர்ந்து போய் முழுவதையும் நிரப்பிவிடும்.

குஜராத்தின் கட்ச் பகுதியில் நிரோணா போன்ற ஊர்களில் லோஹார் இனத்தவர் கால்நடை மணிகளை இப்படித்தான் செய்கிறார்கள். இரும்புத் தகட்டை மடித்துக் கவ்வவைத்து, மேலே மண் குழம்பு பூசி, பித்தளைத் தூளைத் தூவி, மண்ணும் துணியுமாகச் சுற்றி உலையில் வைக்கிறார்கள். பித்தளை உருகி மடிப்புகளையெல்லாம் அடைத்து, மணியின் மேனி முழுவதும் பூச்சாகவும் படிந்துவிடுகிறது. ஆறிய பின் மண் ஓட்டை உடைத்தால் பொன்னிற மணி. போர்ச்சுகலில் அல்காசோவாஸ் என்ற ஊரிலும் ஏறக்குறைய இதே முறையில் மாட்டு மணி செய்கிறார்கள். அந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2015இல் அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்க் கொல்லர்களும் ஒரே வழியைக் கைக்கொண்டிருக்கிறார்கள் என்றால், இரும்புத் தகட்டுக்கு அதுவே பொருந்தும் வழி என்று எடுத்துக்கொள்ளலாம்.

நீ மண் சுற்ற வேண்டியதில்லை. ஒரு பாதியின் விளிம்பைச் சற்றே விரித்து, மற்றது அதற்குள் 3 மி.மீ. அளவுக்கு இறுக்கமாக ஏறி உட்காரும்படி செய். இரண்டையும் அரத்தால் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, வெங்காரத்தை (போராக்ஸ்) தண்ணீரில் குழைத்துப் பூசி, பித்தளைக் கம்பியை வளையமாக வளைத்து மூட்டின் மேல் வைத்துவிடு. பித்தளை எப்போதும் சூடு அதிகமான பக்கம் ஓடும் என்பதால் மூட்டை மட்டும் காய்ச்சாமல் மணி முழுவதையும் ஒரே நிறமாகச் செவக்க வை. பித்தளை பளிச்சென்று மின்னி மூட்டைச் சுற்றி ஓடும் கணத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும். வெண்புகை கிளம்பினால் சூடு மிஞ்சிவிட்டது, பித்தளையில் உள்ள துத்தநாகம் எரிகிறது என்று அர்த்தம். கதவு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய். வெளியே எவ்வளவு குளிரடித்தாலும் சரி.

இதற்கு முன்பே ஒரு காரியத்தை முடித்திருக்க வேண்டும். பிளவின் இரு முனைகளிலும் வரும் வட்டத் துளைகளை, பாதிகளைப் பொருத்துவதற்கு முன்னரே போட்டுவிடு. முழுக்க மூடிய உருண்டையை உலையில் வைத்தால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து வெடிக்கும். உள்ளே ஈரம் இருந்தால் இன்னும் மோசம். நீ எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. அந்தத் துளைகள் பிறகும் பயன்படும். பிளவின் கூர்முனையில் தொடங்கும் கீறல் மேலே ஏறாமல் அவை தடுத்துவிடும், ரம்பத்தை நுழைக்கவும் இடம் கொடுக்கும்.

பரலுக்கு பால்ரஸ் குண்டு, அதாவது பால் பேரிங்கில் இருக்கும் எஃகுக் குண்டு, நல்லது. கடினமான குண்டு மோதினால் ஓசை பளிச்சென்று வரும். ஆனால் பற்றவைக்கும்போதே உள்ளே போட்டுவிட்டால், அந்தச் சூட்டில் அதன் கடினம் போய்விடும், பித்தளை வழிந்து குண்டு சுவரில் ஒட்டிக்கொள்ளவும் கூடும். எனவே எல்லாம் ஆறிய பின் பிளவை அறுத்து, 9 மி.மீ. முனைத் துளையின் வாயில் 10 மி.மீ. குண்டை வைத்து, பக்கத்துப் பிளவில் உளியை ஆப்பாக மெல்ல இறக்கினால், துளை அந்த ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அகன்று கொடுக்கும். குண்டு உள்ளே விழுந்ததும் இரு பக்கமும் தட்டிப் பழையபடி நெருக்கிவிடு. பிளவின் அகலம் 3 அல்லது 4 மி.மீ. இருந்தால் போதும்.

சின்ன மணிகளுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். மயிலாப்பூரில் நாட்டியப் பொருள் விற்கும் கடையில் சலங்கையை எடுத்துப் பார்த்தால், தகட்டை நாலிதழ்ப் பூவாக வெட்டிக் குழித்து, பரலை வைத்து இதழ்களை மூடியிருப்பது தெரியும். மூட்டே கிடையாது, இதழ்களுக்கு நடுவே தானாக விழும் சிலுவைதான் பிளவு. 3 செ.மீ.க்குள் இருக்கும் மணிகளை நீயும் அப்படியே செய்துவிடு. கூட்டிவைத்த இதழ்கள் ஒன்றையொன்று தொடாமல் மட்டும் பார்த்துக்கொள். தொட்டால் ஓசை செத்துவிடும்.

மணியைப் பட்டையில் கோப்பதற்கான காதை உச்சியில், பிளவுக்கு நேர் எதிரே வை. அங்கே அசைவு மிகக் குறைவு என்பதால் ஆணி அடித்தாலும் குரல் கெடாது. காதுக்கும் தோல்பட்டைக்கும் நடுவே ஒரு வாஷர் போட்டு, மணியின் மேனி தோலில் படாமல் சற்று எழும்பி நிற்கச் செய். சுருதி சேர்க்க விரும்பினால் பிளவை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி இறக்கலாம். ஏற்றுவதற்கு வழி இல்லை என்பதால், தொடக்கத்தில் பிளவைக் குட்டையாகவே விடு. பெரியதைப் பட்டையின் நடுவில் வைத்து இரு புறமும் சிறிதாக்கிக்கொண்டே போகலாம். உங்கள் ஊரில் சாலைக்கு உப்புப் போடுவார்கள் என்பதால், வேலை முடிந்ததும் மணியைக் கை சுடும் அளவுக்குக் காய்ச்சி ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்துவிடு. அந்தத் துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதே, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணி தானாகவே தீப்பிடிக்கும், விரித்து உலர்த்து.

முதல் மணியின் கூட்டைச் செய்ததும், குண்டு போட்டு எண்ணெய் பூசுவதற்கு முன் போனில் தட்டிக் காட்டு. மூட்டில் பித்தளை ஓடாத இடம் இருந்தால் ஓசையிலேயே தெரிந்துவிடும், திரும்ப வெங்காரம் பூசிக் காய்ச்சலாம். அதற்காகவும்தான் குண்டைக் கடைசியில் போடச் சொன்னேன், அதுவரை வெறும் கூட்டை விரலால் தட்டியே பார்த்துக்கொள். இங்கே அடித்ததில் நன்றாக வந்த ஒன்றை அம்மா உனக்குப் பார்சலில் அனுப்பச் சொல்கிறாள். தகடு எங்கே எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று நீ பார்ப்பதற்காக, அதைக் குறுக்கே இரண்டாக அறுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா