காய்ச்சும் இடத்திலேயே பருகுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தலைமுறைகளாக ஒரே குடும்பம் நடத்திவரும் பீர் ஆலை ஒன்று, தன் வளாகத்திலேயே புதிதாகத் திறந்துள்ள அருந்தகத்துக்கு அண்மையில் சென்றுவந்தேன். முளைகட்டி உலர்த்திய பார்லியை ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைக்கும்போது அதன் மாவுச்சத்து சர்க்கரையாவதையும், அந்தச் சர்க்கரையைப் பின்னர் ஈஸ்ட் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவதையும், அக்குடும்பத்தின் மூத்த பெண்மணி கலன்களின் அருகே நின்று பொறுமையாக விளக்கினார். பீரில் சேர்க்கப்படும் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவின் மணம் நாள்பட மங்கிவிடும் என்பதால், கலனிலிருந்து நேரே வரும் பீரின் புதுமையை, வாரக்கணக்கில் அலமாரியில் கிடந்த பாட்டிலில் எதிர்பார்க்க முடியாது. வெளிச்சமும் ஹாப்ஸின் கசப்புப் பொருள்களைச் சிதைத்துக் கெட்ட வாடையை உண்டாக்கும். பாட்டில்கள் பழுப்பு நிறத்தில் இருப்பதற்கு அதுவே காரணம்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். காய்ச்சிய தேதியும் ஆல்கஹால் அளவும் பலகையில் எழுதப்படவில்லை. 4 விழுக்காட்டு பீரும் 8 விழுக்காட்டு பீரும் ஒரே அளவுக் கோப்பையில் தரப்படும்போது, இரண்டாவதில் ஆல்கஹால் இரு மடங்கு என்பது அருந்துபவருக்கு, குறிப்பாக வாகனம் ஓட்டித் திரும்ப நினைப்பவருக்கு, முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். குழாய்களை இரு வாரங்களுக்கு ஒருமுறை கழுவுவதாகச் சொன்னார்கள். கழுவிய தேதியையும் அதே பலகையில் எழுதிவைக்குமாறு இத்தகைய அருந்தகங்களை நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்