அணு ஆயுதக் கொள்கை நாடாளுமன்றத்துக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணு ஆயுதங்களைப் பற்றி நம் நாளேடுகளில் செய்தி வருவது பெரும்பாலும் ஏவுகணைச் சோதனை நடந்த மறுநாள்தான். ஏவுகணை எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பாயும் என்பதும், பிரதமர் விஞ்ஞானிகளைப் பாராட்டினார் என்பதும் அதில் இருக்கும். அந்த ஆயுதங்களை அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு எப்படிப் பராமரிக்கப் போகிறோம், பழசானால் எதைக் கொண்டு மாற்றப் போகிறோம், அதற்கு ஆகும் பணத்துக்கு யாரிடம் கணக்குச் சொல்லப்படுகிறது என்ற கேள்விகள் அச்சேறுவதே இல்லை. திருநெல்வேலிச் சீமையில் வாழ்கிறவர்களுக்கு இதைக் கேட்க மற்றவர்களைவிடக் கூடுதலான காரணம் உண்டு என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துத் தேநீர்க் கடைகளில், "அண்ணாச்சி, கூடங்குளத்துல குண்டும் செய்யுதாவளாமே, நெசமா?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நிஜமில்லை. கூடங்குளத்தில் இருப்பவை ரஷ்ய உதவியுடன் கட்டப்பட்ட மின் உலைகள். சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்கு உட்பட்டவை. இடிந்தகரை மக்கள் எழுப்பிய பாதுகாப்புக் கேள்விகள் தனி விஷயம். அவற்றுக்கு வேறொரு கடிதம் வேண்டும். நம் மாநிலத்தில் ஆயுதத் திட்டத்துக்கு நெருக்கமான உலைகள் எவை என்று கேட்டால் கல்பாக்கத்தைத்தான் காட்ட வேண்டும். அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டுக்காக 2006-இல் நாட்டின் 22 உலைகளை இரு கூறாகப் பிரித்தபோது கண்காணிப்புக்கு வெளியே வைக்கப்பட்ட எட்டில் அங்குள்ள இரண்டும் அடக்கம். நம் முதல் அணு ஆயுத நீர்மூழ்கிக் கப்பலான அரிஹந்தை ஓட்டும் உலையின் முன்மாதிரி ஓடியதும் அங்கேதான்.

நம் மாவட்டத்தின் பங்கு வேறு வகையானது. நாங்குநேரி வட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படைத் தளம் இயங்கிவருகிறது. கடற்படைத் தளம் என்று பெயரே தவிர, அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது, கப்பலும் வராது. செம்மண் நிலத்துக்கும் பனைகளுக்கும் நடுவே, இழுவைக் கம்பிகளால் நிறுத்தப்பட்ட உயர்ந்த வானொலிக் கோபுரங்கள் நிற்கின்றன. இரவில் அவற்றின் சிவப்பு விளக்குகள் பல மைல் தொலைவிலிருந்து தெரிவதை இந்தப் பக்கம் பேருந்தில் போகும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவை எதற்கு என்று கேட்டால் "நேவி டவர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் கோபுரங்களின் வேலை, கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது. சாதாரண வானொலி அலை உப்புநீருக்குள் ஒரு முழம் இறங்குவதே அரிது. விஜயநாராயணத்திலிருந்து புறப்படும் அலை மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்டது: 18.2 கிலோஹெர்ட்ஸ். ஓர் அலையின் நீளமே 16 கிலோமீட்டருக்கு மேல் வரும். அத்தகைய அலை கடலின் மேற்பரப்புக்குக் கீழே பத்து, இருபது மீட்டர் வரை போய்ச் சேரும். நீர்மூழ்கி தன் பின்னால் நீண்ட கம்பி ஒன்றை இழுத்துக்கொண்டே அதைக் கேட்கும். கேட்க முடியுமே தவிரப் பதில் சொல்ல முடியாது. செய்தியும் தந்தியைப் போலச் சுருக்கமாகவும் மெதுவாகவும்தான் போகும். அலை புறப்படுவதில் ரகசியம் எதுவும் இல்லை. கொல்கத்தாவில் வளிமண்டலத்தின் மின்னூட்டம் கொண்ட மேலடுக்கான அயனி மண்டலத்தை ஆராய்கிறவர்கள் பல ஆண்டுகளாக இதே அலையைப் பிடித்துத்தான் அளவெடுக்கிறார்கள். அதில் பொதிந்திருக்கும் குறிமொழி மட்டுமே ரகசியம்.

இந்த ஏற்பாட்டை நாட்டின் அணு ஆயுதக் கொள்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் கொள்கை என்பது 2003 ஜனவரி 4-ஆம் தேதி அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு வெளியிட்ட ஒரு சிறிய அறிக்கை. ஒரே மூச்சில் படித்துவிடலாம். நம்பத்தகுந்த குறைந்தபட்ச ஆயுத வலிமை, முதலில் பயன்படுத்துவதில்லை என்ற உறுதி, தாக்கப்பட்டால் எதிரி தாங்க முடியாத அளவுக்குப் பதிலடி, அந்த உத்தரவைப் பிரதமர் தலைமையிலான அரசியல் குழு மட்டுமே தர முடியும் என்ற கட்டுப்பாடு, சோதனை நடத்துவதில்லை என்ற தன்விருப்பத் தடை ஆகியவை அதன் சாரம். முதலில் அடிப்பதில்லை என்று சொல்லிவிட்ட நாட்டுக்கு, முதல் அடியில் அழியாமல் மிஞ்சும் ஆயுதம் தேவை. அதனால்தான் நீர்மூழ்கி தேவைப்பட்டது. நீர்மூழ்கி வேண்டுமென்றால், பிரதமரின் உத்தரவு அதைச் சென்றடைய வழி வேண்டும். மற்ற வழிகளும் இருக்கலாம். ஆனால் நீருக்கு மேலே தலைகாட்டாமல் கேட்கக்கூடிய வழி இதுதான். தெலங்கானாவின் தாமகுண்டத்தில் இரண்டாவது நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதே 2024 அக்டோபரில்தான்.

2003-இல் அந்த அறிக்கையை எழுதியபோது நம்மிடம் அணு ஆயுத நீர்மூழ்கி கிடையாது. அரிஹந்த் 2009-இல் நீரில் இறக்கப்பட்டு 2016-இல் சேவைக்கு வந்தது. எதிரி தாக்கத் துணியாதபடி கடலுக்கடியில் சுற்றிவரும் அதன் முதல் தடுப்பு ரோந்து முடிந்ததாக 2018 நவம்பரில் பிரதமர் அறிவித்தார். 2024 ஆகஸ்டில் இரண்டாவது கப்பலான அரிகாட் சேர்ந்தது. ஒரே அக்னி-5 ஏவுகணையில் பல ஆயுதங்களை ஏற்றி வெவ்வேறு இலக்குகளுக்கு அனுப்பும் சோதனை 2024 மார்ச்சில் நடந்தது. ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2025 தொடக்கத்தில் இந்தியாவிடம் இருந்த அணு ஆயுதங்கள் சுமார் 180. இவையெல்லாம் தவறு என்று நான் சொல்லவில்லை. சீனாவிடம் அப்போது சுமார் 600 இருந்ததாக அதே நிறுவனம் சொன்னது. ஆனால் நிலத்தில் இருந்தவரை, ஆயுதம் ஓரிடத்திலும் ஏவுகணை வேறிடத்திலுமாகப் பிரித்து வைத்திருப்பதுதான் நம் வழக்கம் என்று வல்லுநர்கள் எழுதிவந்தார்கள். ரோந்துக்குப் போகும் நீர்மூழ்கியில் அப்படிப் பிரித்து வைக்க முடியாது. பூட்டும் சாவியும் ஒரே கப்பலுக்குள் போய்விட்டபின், 2003-ஆம் ஆண்டுக் கட்டுப்பாடு எப்படி நடைமுறையாகிறது என்பதையும், "குறைந்தபட்சம்" என்ற சொல்லுக்கு இன்று என்ன வரம்பு என்பதையும் அரசு பொதுவில் விளக்கியதில்லை. 2014 தேர்தல் அறிக்கையில் பாரதிய ஜனதா கட்சி இக்கொள்கையைத் திருத்திப் புதுப்பிப்பதாகச் சொன்னது. 2019 ஆகஸ்டில் போக்ரானில் பேசிய பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், முதலில் பயன்படுத்துவதில்லை என்ற உறுதி எதிர்காலத்தில் சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். எழுத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

பராமரிப்பு என்ற விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் யாருமே பேசாதது அதுதான். அணு ஆயுதம் ஒருமுறை செய்து பெட்டியில் பூட்டி வைக்கும் பொருள் அல்ல. வெடிப்பின் வலிமையைக் கூட்டச் சேர்க்கப்படும் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் பன்னிரண்டு ஆண்டுச் சொச்சத்தில் பாதியாகக் கரைந்துவிடும். அதைத் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். வெடிமருந்தும் மின்சுற்றும் மூப்படையும். சோதனை நடத்தாத நாடு இதையெல்லாம் கணினியையும் ஆய்வகத்தையும் நம்பித்தான் சரிபார்க்க முடியும். அந்த நம்பிக்கை எவ்வளவு உறுதியானது என்பதில் நம் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு இருந்தது ஊரறிந்த செய்தி: 1998 போக்ரான் சோதனையில் முக்கியப் பொறுப்பு வகித்த கே. சந்தானம், அன்றைய ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்த வலிமையைத் தரவில்லை என்று 2009-இல் பகிரங்கமாகச் சொன்னார். அணுசக்தித் துறைத் தலைவராக இருந்த ஆர். சிதம்பரம் அதை உறுதியாக மறுத்தார். இரு தரப்பும் பத்திரிகைகளில் பேசி முடிந்தது.

2024 ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் தேரின் வடம் மீண்டும் மீண்டும் அறுந்தது. ரத வீதியில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள், திருச்செந்தூரிலிருந்து வடம் வந்தது. கடலுக்கடியில் ஓடும் தேருக்கு அப்படிப் பார்க்க ஆளில்லை. பார்க்க வேண்டியவர்கள் நாம் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள்தான்.

ரகசியம் காக்க வேண்டிய விஷயத்தைச் சபையில் பேசலாமா என்று கேட்பார்கள். பிரிட்டன் பேசியது. அங்கே 1969 முதல் எப்போதும் ஏதாவது ஒரு அணு ஆயுத நீர்மூழ்கி கடலில் இருக்கிறது. பழைய நான்கு கப்பல்களுக்குப் பதிலாகப் புதியன கட்டலாமா என்ற கேள்வியை 2016 ஜூலை 18-இல் மக்களவையில் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஆதரவு 472, எதிர்ப்பு 117. செலவு 3,100 கோடி பவுண்டு, அதற்கு மேல் அவசரத் தேவைக்கு 1,000 கோடி என்று அரசே கணக்குச் சொன்னது. அந்தக் கப்பல்களின் துறைமுகம் ஸ்காட்லாந்தில் உள்ளது. ஸ்காட்லாந்தின் 59 உறுப்பினர்களில் 58 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். தோற்றார்கள், ஆனால் தங்கள் மண்ணில் இருப்பதைப் பற்றித் தங்கள் கருத்தைச் சபைக் குறிப்பில் ஏற்றிவிட்டுத் தோற்றார்கள். கப்பல் எங்கே இருக்கிறது என்பதோ, நாட்டின் அரசே அழிந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்று கப்பல் தலைவனுக்காகப் பிரதமர் எழுதி முத்திரையிடும் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதோ இந்த விவாதத்தால் வெளியாகிவிடவில்லை. அமெரிக்காவில் நிலத்திலிருந்து ஏவும் ஏவுகணைகளை மாற்றும் சென்டினல் திட்டத்தின் செலவு 81 சதவீதம் உயர்ந்து சுமார் 14,100 கோடி டாலரானதை 2024-இல் ராணுவத் தலைமையகமே அறிவித்தது. செலவு வரம்பு மீறினால் நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. அவர்களுடைய ஆயுதக் குவிப்பு நமக்கு முன்மாதிரி ஆக வேண்டாம். கணக்குக் காட்டும் பழக்கம் ஆகலாம்.

நம் அரசாலும் சொல்ல முடியும். 2022 மார்ச் 9-இல் நம் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பறந்து பாகிஸ்தானுக்குள் விழுந்தது. வழக்கமான பராமரிப்பின்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று அரசு அறிக்கை விட்டது. ஒரு வாரத்துக்குள் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் விளக்கம் தந்தார். பின்னர் மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். நல்லவேளை, அதில் வெடிபொருள் இல்லை. அந்த விளக்கத்தால் நாட்டின் பாதுகாப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நம் பகுதிக்கென்று ஒரு கேள்வியும் உண்டு. ஒருவர் மற்றவரின் அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988-இல் இந்தியாவும் பாகிஸ்தானும் உடன்பாடு செய்துகொண்டு, ஆண்டுதோறும் ஜனவரி 1-இல் பட்டியல் மாற்றிக்கொள்கின்றன. மின் உலையும் ஆராய்ச்சி உலையும் அந்த உடன்பாட்டின் விளக்கத்துக்குள் வரும். வானொலிக் கோபுரம் வராது. ஆகவே கூடங்குளத்துக்கு இருக்கும் அந்தக் காப்பு, விஜயநாராயணத்துக்கு இல்லை. 2025 மே மாதம் கல்பாக்கத்திலும் சென்னையிலும் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. விஜயநாராயணம் தளத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்குச் சொல்லிவைக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்பதை மாவட்ட நிர்வாகம் யோசித்ததா?

அடுத்த தலைமுறை நீர்மூழ்கிக்கான முடிவு இனி எடுக்கப்போவது அல்ல, இப்போதே எடுக்கப்பட்டுக்கொண்டிருப்பது. 1980-களில் வேகமெடுத்த திட்டத்தின் கப்பலான அரிஹந்த் 2016-இல்தான் சேவைக்கு வந்தது என்றால், 2040-களில் வேண்டிய கப்பலுக்கு இன்றே பணம் ஒதுக்கியாக வேண்டும். அந்த ஒதுக்கீடு எந்தத் தலைப்பில் அடங்குகிறது என்பது பட்ஜெட்டைப் புரட்டும் சாமானியருக்குப் பிடிபடாது. 2018-இலும் 2023-இலும் ஒவ்வொரு துறைக்கும் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் மக்களவையில் நிறைவேறியதை நினைத்தால், உறுப்பினர்களும் அதிகம் தேடியிருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

நான் ஆயுதத்தைக் கைவிடச் சொல்லும் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். அண்டை நாடுகள் இரண்டும் வைத்திருக்கும்போது அது நடைமுறைக்கு ஒவ்வாது என்றே கருதுகிறேன். கேட்பது இவ்வளவுதான்: 2003 அறிக்கையை இன்றைய நிலைக்கு ஏற்ப மறுபரிசீலனை செய்து ஒரு வெள்ளை அறிக்கையாக வெளியிட வேண்டும், மாற்றுக் கப்பல்களுக்கும் ஆயுதப் பராமரிப்புக்குமான மொத்தச் செலவை, ரகசியம் காக்கும் உறுதிமொழியோடு, நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவாவது பார்க்க வேண்டும். திருநெல்வேலித் தொகுதி உறுப்பினர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், வரும் கூட்டத்தொடரில் இதைக் கேள்வியாக எழுதிக் கொடுக்க வேண்டுகிறேன். அவர் கேட்டாரா, என்ன பதில் வந்தது என்பதைத் தங்கள் நாளேடு வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பாளையங்கோட்டை.